தீங்கிலாப் பொய்

பொய் பேசலாகாது என்பது, பெற்றோர் குழந்தைக்கு முதன்முதலாகக் கற்பிக்கும் அறங்களுள் ஒன்று. ஆயின், அவ்வறத்தைக் கற்பிக்கும் பெற்றோரே நாள்தோறும் குழந்தையிடம் எத்துணைப் பொய் பேசுகின்றனர் என எண்ணிப் பார்த்தால், வியப்பும் நகைப்பும் ஒருங்கே தோன்றும். நிலவில் பாட்டி ஒருத்தி வடை சுடுகிறாள். சீத்தாப்பழக் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும். உறியில் மறைத்து வைத்த பண்டத்தைக் காக்கை தூக்கிச் சென்றது. இவற்றைச் சொல்லாத தாயும் அரியள். கேளாத குழந்தையும் அரிது. இவை குற்றமாகுமா? ஆகுமெனில் எவை குற்றம்? ஆகாவெனில் ஏன் ஆகா?

உள்ளத்தொடு பொருந்தியது உண்மை, வாயொடு பொருந்தியது வாய்மை, உடம்பொடு பொருந்தியது மெய்ம்மை எனச் சான்றோர் பிரித்துக் காட்டுவர். வாய்மைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் பாற்படும் என்று இசைந்தார். இவ்விசைவைக் கேட்டுப் பொய்யர் மகிழ வேண்டுவதில்லை. அவர் இட்ட தடை சிறிதன்று. நன்மை இருந்தால் மட்டும் போதாது. அந்நன்மை குற்றமற்றதாகவும் இருத்தல் வேண்டும். சொல்பவர்க்கு அப்போதைய தொல்லை தீர்ந்தது என்பது நன்மை ஆகாது. கேட்ட குழந்தைக்கு நன்மை விளைந்ததா என்பதே கேள்வி.

இதனை ஆராய்வதற்கு ஜவ்வாது மலை நல்லதோர் இடம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலையில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமை முதலியவற்றை விளைத்து வாழ்கின்றனர். நகரத்து விளக்கொளி மறைக்காத வானத்தில் முழுமதி எழும்போது, கதை சொல்லும் பாட்டிக்கு அதனினும் சிறந்த அரங்கு வேண்டுமோ? அவ்வானத்தின் தெளிவை விரும்பியே, அம்மலையைச் சார்ந்த காவலூரில் 1960களின் பிற்பகுதியில் வானாய்வு நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. 1986ஆம் ஆண்டில் அந்நிலையம் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது.

ஒரே வானத்தில் பாட்டி வடையைக் காட்டுகிறாள். அறிஞர் விண்மீனை அளக்கிறார். இவ்விரண்டும் பகையல்ல. மதியில் தெரியும் கறை, முன்னொரு காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த கருநிறச் சமவெளி எனப் பள்ளியில் கற்கும் சிறுவன், பாட்டியைப் பொய்யள் என்று சினப்பதில்லை, சிரிக்கிறான். வானத்தை முதலில் உற்று நோக்கச் செய்தவள் அப்பாட்டியே அன்றோ?

இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மதியைக் குறிக்கும் சசி என்னும் வடசொல்லுக்கு முயலை உடையது என்பது பொருள். சீனர் அம்முயல் மருந்து இடிப்பதாகக் கூறுவர். சப்பானியர் பலகாரத்திற்கு அரிசி இடிப்பதாகக் கூறுவர். மேலைநாட்டார், விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை வந்து எடுத்துக்கொண்டு காசு வைத்துச் செல்வாள் என்பர். உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் ஏதேனும் ஒரு பொய்யைக் கேட்டே உறங்குகின்றனர்.

வீட்டிற்குள் நிகழும் சிறு பொய்களும் பலப்பல. ஓடி விழுந்த குழந்தையிடம், "அடடா, எறும்பு செத்துப்போயிற்றே!" என்றால், அது அழுகையை மறந்து எறும்பைத் தேடுகிறது. குழந்தை சமைத்த மணற்சோற்றைத் தாய் உண்பதுபோல் நடித்து, "உப்பு மட்டும் சிறிது குறைவு" என்கிறாள். இக்காலத்துத் தாய், கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்தது என்கிறாள். எண்களைப் படிக்கத் தெரிந்த குழந்தையோ, "எண்பது இருக்கிறதே, அம்மா!" என்கிறது. அங்குப் பொய்யும் தோற்றது; தாயும் தோற்றாள்.

இனி, தள்ளத்தக்கவற்றைக் காண்போம். உண்ணாத குழந்தையைப் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான் என அச்சுறுத்துவர். காவலர் வந்து கட்டிக்கொண்டு போவார் என்பர். வழிதவறிய நாளில் அக்குழந்தை காவலரைக் கண்டு ஓடி ஒளியுமாயின், அப்பொய் தந்த நன்மை யாது? உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று விளையாட்டாகச் சொல்வாரும் உளர். கேட்பவர் சிரிப்பர், குழந்தையோ இருட்டில் விழித்துக்கொண்டு அதனையே நினைத்துக் கிடக்கும். ஊசி வலிக்காது என்பதும் இத்தகையதே. "எறும்பு கடித்தாற்போல் வலிக்கும், கையைப் பிடித்துக்கொள்" என்னும் தாயின் சொல்லே அடுத்த முறையும் நம்பப்படும்.

ஜவ்வாது மலையில் பழங்குடிச் சிறார்க்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பிள்ளையை விட்டுச் செல்லும் தந்தை, பிரிவின் அழுகைக்கு அஞ்சி, "கடைக்குப் போய் உடனே வருகிறேன்" என்று சொல்லி மறைந்து போவாராயின், அந்தப் பிள்ளை மாலைவரை வாயிலையே நோக்கி நிற்கும். "பொங்கல் விடுமுறைக்கு வந்து அழைத்துச் செல்வேன்" என்று மெய்யைச் சொன்னால், அப்போது அழும். பின் நாளை எண்ணிக்கொண்டு படிக்கும். முன்னது தந்தையின் துன்பத்தைக் குறைத்தது. பின்னது பிள்ளையின் துன்பத்தைக் குறைத்தது.

இவ்விருவகைக்கும் அப்பாற்பட்ட பொய் ஒன்று உண்டு. பானையில் ஒருவர்க்கு அளவான சாமைச்சோறே இருக்கும் இரவில், ஏழைத்தாய் அதனைப் பிள்ளைக்கு இட்டு, "நான் அப்போதே உண்டேன்" என்கிறாள். அப்பிள்ளை வளர்ந்து உண்மையை உணரும் நாளில் சிரிப்பதில்லை, கண்ணீர் வடிக்கிறது. ஆயினும், அந்நாளில் தாயின்மீது கொண்ட அன்பு முன்னினும் பன்மடங்கு பெருகுகிறது.

ஆகவே, தீங்கிலாப் பொய்யை அறிதற்கு அளவுகோல் ஒன்றே. உண்மை வெளிப்படும் நாளில் பெற்றோர்மீது பிள்ளை வைத்த அன்பும் நம்பிக்கையும் வளருமாயின், அது கொள்ளத்தக்கது; தேயுமாயின், தள்ளத்தக்கது. எப்பொய்யும் ஒரு நாள் வெளிப்படும். வெளிப்பட்ட அன்று பிள்ளையின் முகத்தை நேராக நோக்க வல்ல பெற்றோர், நிலவில் வேண்டிய அளவு வடை சுடலாம்.