வேகம் போதவில்லையா, பெட்டி இருக்கும் இடம் சரியில்லையா?

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கறை வீவக வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் உயர்நிலைப் பள்ளியில். பகலில் வீட்டில் இருப்பது 78 வயது அம்மா மட்டும். சென்ற ஆண்டு குளியலறையில் அவர் வழுக்கி விழுந்த பிறகு, அவருடைய அறையில் சிறிய கேமரா ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மகள் அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் எட்டிப் பார்ப்பார்.

“நான் பார்க்கும் நேரத்தில்தான் ‘இணைப்பு இல்லை’ என்று காட்டுகிறது. உடனே அம்மாவுக்குப் போன் போடுவேன். அவர் நடந்து வந்து எடுக்க ஐந்து நிமிடமாகும். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு உயிரே போய்விடும்” என்கிறார் வாசகி. கடைத்தொகுதியில் மேசை போட்டு நின்ற விற்பனையாளர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். “உங்கள் திட்டம் பழையது அக்கா, 10 ஜிபிபிஎஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று பதில் வந்ததாம். 24 மாத ஒப்பந்தம். கையெழுத்துப் போடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

வேகமான திட்டம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் 10 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கொண்டுவர 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கமே 2024இல் அறிவித்தது. வீட்டிலிருந்தபடி பெரிய காணொளிக் கோப்புகளை அனுப்புகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் ஒரு சாதாரண வீட்டுக் கேமராவுக்கு வேண்டியது 2 முதல் 4 எம்பிபிஎஸ். தொலைக்காட்சியில் மிகத் துல்லியமான படம் பார்க்க 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். இந்த வாசகியின் வீட்டில் ஏற்கெனவே இருப்பது 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். ஆயிரத்தில் நான்கு கிடைக்காத இடத்தில் பத்தாயிரத்தைக் கொண்டுவந்து என்ன செய்வது?

இணையம் நம் வீட்டுக்கு இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம், கண்ணாடி இழை வழியாக வீட்டுக்குள் இருக்கும் மோடம் வரை. இரண்டாவது கட்டம், ரவுட்டரிலிருந்து காற்றின் வழியாகக் கைப்பேசிக்கும் கேமராவுக்கும். நிறுவனம் விற்பது முதல் கட்டத்தின் வேகத்தை. நம் வீடுகளில் பெரும்பாலான தொல்லை இருப்பதோ இரண்டாவது கட்டத்தில். எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரியாமல் பணம் செலவழிப்பது, பல்வலிக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போல.

கண்டுபிடிக்க ஒரு கேபிள் போதும். மடிக்கணினியை லேன் கேபிளால் நேரே ரவுட்டரில் செருகுங்கள். கணினியில் வைஃபையை அணைத்துவிட்டு, இணைய வேகச் சோதனை ஒன்றை ஓடவிடுங்கள். இக்கால மெல்லிய மடிக்கணினிகளில் லேன் துளை இருக்காது. அதற்கான யூஎஸ்பி இணைப்பான் மலிவாகவே கிடைக்கிறது. 1 ஜிபிபிஎஸ் திட்டத்தில் 900க்கு மேல் காட்டினால் நிறுவனமும் இழையும் குற்றமற்றவை. எண் 94, 95இலேயே நின்றுவிட்டால் அது ஒரு தனித் துப்பு: கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது இடையில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் பழைய பெட்டி ஒன்று இருக்கலாம். மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் அந்தக் குட்டிக் கேபிளை மாற்றியதுமே வேகம் பத்து மடங்கு ஏறிய வீடுகள் உண்டு. சில வெள்ளிச் செலவு.

செங்காங் வாசகி மகனிடம் சொல்லிச் சோதித்தார். கேபிளில் 930. அதே கணினியை அம்மாவின் அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் பார்த்தால் 6.

அவரிடம் நான் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டேன். ரவுட்டர் எங்கே இருக்கிறது? படம் நிற்பது எந்நேரமும் நடக்கிறதா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா?

முதல் கேள்விக்கு வந்த பதில் நான் எதிர்பார்த்ததுதான்: பாம் ஷெல்டருக்குள். வீட்டைப் புதுப்பித்தபோது, ஹாலில் பெட்டியும் வயருமாகக் கிடப்பது அசிங்கமாக இருக்கிறதென்று குத்தகைக்காரர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டார். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் இந்த அறை உண்டு. நாம் அதில் அரிசி மூட்டையும் தீபாவளிப் பலகாரத் தகரமும் வைத்தாலும், அது கட்டப்பட்டது குண்டுவீச்சைத் தாங்க. கம்பி பின்னிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. குண்டுச் சிதறலை வெளியே நிறுத்தும் சுவர் வைஃபை அலையை உள்ளே நிறுத்துவதில் வியப்பில்லை. கதவையும் சாத்திவிட்டால் கசியும் கொஞ்சநஞ்சமும் போயிற்று.

ஷெல்டர் இல்லாத பழைய வீடுகளிலும் இதே கதை வேறு வேடத்தில் நடக்கிறது. காலணி அலமாரிக்குள் ரவுட்டர், தொலைக்காட்சியின் முதுகுப்புறம் ரவுட்டர், மீன் தொட்டிக்குப் பின்னால் ரவுட்டர். தொலைக்காட்சியின் உலோகப் பின்தட்டு அலையைத் தடுக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான், திருப்பி அனுப்பிவிடும். போதாக்குறைக்கு மூடிய அலமாரிக்குள் நம் ஊர்ச் சூடும் சேர்ந்துகொள்ளும். தினமும் ஒருமுறை ரவுட்டரை அணைத்துப் போட்டால்தான் வேலை செய்கிறது என்பவர்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்க்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் காற்றோட்டம் இல்லை என்று பொருள். ரவுட்டர் அழகான பொருள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கை அலமாரிக்குள் பூட்டிவிட்டு அறை இருட்டாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லையே.

இரண்டாவது கேள்விக்குத்தான் சுவையான பதில் வந்தது. படம் பெரும்பாலும் நிற்பது மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில்.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? காலையில் மகள் சமைத்து வைத்துவிட்டுப் போன சோற்றையும் குழம்பையும் அம்மா மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்குகிறார். அந்த அடுப்பு அடுக்களையில், அம்மாவின் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது.

மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில். வீட்டுக் கேமராக்களும் தானாகத் தரை பெருக்கும் கருவிகளும் பெரும்பாலும் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை. இரண்டும் ஒரே தெரு. அடுப்பிலிருந்து கசியும் அலை மிகச் சொற்பம், உடலுக்குத் தீங்கில்லாத அளவு. ஆனால் ஷெல்டர் சுவரைத் தாண்டி முணுமுணுப்பாக வந்து சேரும் ரவுட்டரின் குரலை அமுக்க அது போதும். சமிக்ஞை வலுவாக இருந்திருந்தால் அடுப்பு ஓடியது கேமராவுக்குத் தெரிந்தே இருக்காது. அம்மா விழுந்துவிட்டாரோ என்று மகள் பதறிய அந்த நிமிடங்களில், அம்மா குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

மோடம் ஷெல்டரிலேயே இருக்கட்டும், ரவுட்டரை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள் என்றேன். 10 மீட்டர் தட்டைக் கேபிள் ஒன்றைச் சுவரோரம் ஓட்டி, ஹாலில் நெஞ்சு உயரத்தில் ஒரு திறந்த தட்டில் ரவுட்டரை வைத்தார்கள். எஃகுக் கதவு கேபிளை நசுக்காதபடி சற்றே திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மைக்ரோவேவ் அடுக்களையின் மறுபக்கத்துக்கு நகர்ந்தது. அம்மாவின் அறையில் இப்போது 80க்குக் குறைவதில்லையாம். மதிய நேரத்திலும் படம் நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அவரிடம் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அது அம்மா படுத்துறங்கும் அறை. கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடக்கூடாது. இணையம் நன்றாகவே இருந்தாலும் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு தொலைபேசி இருக்கட்டும்.

எல்லா வீட்டிலும் குற்றவாளி மைக்ரோவேவ் அல்ல. ஆனால் எப்போது நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் காகிதத்தில் குறித்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் தடுமாறினால், அண்டை வீடுகளின் நெரிசலாக இருக்கலாம். உங்கள் கைப்பேசியில் வைஃபை பெயர்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல்மாடி, கீழ்மாடி, எதிர் புளோக் என்று இருபது முப்பது பெயர் வரும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. எல்லாருமே அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கிறோம். ரவுட்டரின் செயலியில் அவற்றில் ஆள் குறைந்த ஒன்றைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அங்கே இடம் தாராளம், வேகமும் அதிகம். சுவரை ஊடுருவும் ஆற்றல்தான் குறைவு. கதவைச் சாத்தினால் வேகம் விழுகிறது என்றால் நீங்கள் 5இல், ரவுட்டரிலிருந்து தள்ளி இருக்கிறீர்கள்.

வீடு முழுக்க 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென மறைந்து ஓரிரு நிமிடத்தில் திரும்பி வருகிறதா? அந்த அலைவரிசையின் சில தடங்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடார் போன்ற ஒன்றைக் கேட்டால் ரவுட்டர் அந்தத் தடத்தை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. 36 முதல் 48 வரையிலான தடங்களில் ஒன்றில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய வீடு, ஒரு ரவுட்டர் போதாது என்பவர்கள் மெஷ் வாங்குவது சரிதான். ஆனால் இரண்டாவது பெட்டியை இணையம் வராத அறையிலேயே வைக்கிறார்கள். அதற்கே சமிக்ஞை வராவிட்டால் அது எதைப் பரப்பும்? பாதி வழியில் வையுங்கள். அதைவிட நல்லது, இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைப்பது. புதிய பிடிஓ வீடுகளில் அறைதோறும் சுவரில் லேன் துளை இருக்கிறது. பலர் அதன் முன்னால் கட்டிலைப் போட்டு மறைத்துவிட்டு, காற்றில் இணைப்பைத் தேடுகிறார்கள்.

புதிய கேமராவோ தரை பெருக்கும் கருவியோ முதல் முறை இணையவே மறுக்கிறதா? அது 2.4 மட்டும் அறிந்ததாக இருக்கலாம், உங்கள் கைப்பேசி அந்நேரம் 5இல் இருக்கலாம். ரவுட்டர் செயலியில் சற்று நேரம் 5ஐ அணைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள். இதற்காகவே பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இனி, கேபிளில் சோதித்தும் வேகம் இல்லை, அல்லது இணையமே இல்லை என்றால்தான் நிறுவனத்தின் முறை வருகிறது. அழைப்பதற்குமுன் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ‘பான்’ என்ற விளக்கு நின்று பச்சையாக எரிய வேண்டும். ‘எல்ஓஎஸ்’ சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய இழை சோபாவின் காலில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மடிப்பைத் தாங்காது. இழையைக் கழற்றி முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

தொலைபேசியில் “வைஃபை ஸ்லோவாக இருக்கிறது” என்று தொடங்கினால், அணைத்துப் போடுங்கள் என்பதில் ஆரம்பித்து அரைமணி நேரம் ஓடும். “கேபிளில் சோதித்தேன், இவ்வளவுதான் வருகிறது, எல்ஓஎஸ் சிவப்பு, இன்று காலை ஏழு மணியிலிருந்து” என்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே தொழில்நுட்பர் வரும் நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம்.