பார்வை பறிபோன பின்புதான் வேலையா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோய், தலசீமியா, ஹீமோபீலியா ஆகிய பரம்பரை இரத்த நோய்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கும் அதன் 34ஆம் பிரிவில் இந்நோய்களுக்கு இடமில்லை. பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் இடமுண்டு. அரிவாள் செல் நோயின் வலியோடு வாழ்பவருக்கு மறுக்கப்படும் ஒதுக்கீடு, அதே நோய் அவரது பார்வையைப் பறித்த பின்பு கிடைக்கும்!

இது வெறும் வாதமன்று. அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் விழித்திரையின் நுண்குழாய்களை அடைக்கின்றன. இரத்தம் எட்டாத ஓரங்களில் நலிந்த புதுக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன; முற்றினால் விழித்திரையே பிரிந்துவிடக்கூடும். நீரிழிவும் விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைத்தே பார்வையைப் பறிக்கிறது. இரண்டிலும் தொடக்கத்தில் அறிகுறி தெரிவதில்லை. உரிய காலத்தில் கண்டறிந்தால் லேசர் உள்ளிட்ட சிகிச்சைகளால் பெரும்பாலும் பார்வையைக் காக்க இயலும்.

இரு நோய்களும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து மறைந்தே இருக்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கில் அமைந்தது. அரிவாள் செல் நோயில் அவை சில வாரங்களிலேயே அழிவதால், உண்மையைவிடக் குறைந்த அளவே பதிவாகும். ‘சர்க்கரை கட்டுக்குள் உள்ளது’ என்று சீட்டு சொல்லும், விழித்திரையோ சிதைந்துகொண்டிருக்கும்.

யாருடைய கண்கள் இவை? இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். விதர்பாவில் மகர் உள்ளிட்ட தலித் மக்களிடமும் இது பரவலாக உள்ளது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளை மையப்படுத்தி, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. இரத்தத்தைச் சோதித்து அட்டை வழங்குவது முதற்படியே.

இயலாமை நேராமல் தடுக்கும் கடமையை அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு அரசின்மீது சுமத்துகிறது. எனவே நோயர் அனைவருக்கும் முறையான விழித்திரைப் பரிசோதனையும், எச்பிஏ1சியை மட்டும் நம்பாத சர்க்கரைச் சோதனையும் சலுகையல்ல, உரிமை. தத்தம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டோருள் எத்தனை பேருக்கு விழித்திரை சோதிக்கப்பட்டது எனத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். 34ஆம் பிரிவைத் திருத்தக் கோரும் போராட்டத்துக்கு அவ்விடைகளே சான்றாகும்.