யூடியூப் இருக்க இன்னொன்று எதற்கு?

தலவில புனித அன்னம்மாள் திருவிழா ஆண்டில் இரண்டு முறை வருகிறது, மார்ச்சிலும் ஆகஸ்டிலும். கற்பிட்டிக் குடாநாட்டின் அந்த மணற்கரைக்குத் தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு வந்து, கூடாரம் அடித்து, நாட்கணக்கில் தங்கிப் பூசை காண்கிறார்கள். வர முடியாதவர்கள் ஃபோனில் பார்க்கிறார்கள். வென்னப்புவ, மாரவில பக்கத்துக் குடும்பங்களில் இத்தாலிக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கொடியேற்றமும் திருச்சொரூபப் பவனியும் இப்போது திரையில்தான்.

இப்படிப்பட்ட வீடியோக்களை எங்கே வைப்பது என்று கேட்டால் பங்குச் சபையிலும் சரி, விளையாட்டுக் கழகத்திலும் சரி, பாடசாலையிலும் சரி, ஒரே பதில்தான் வரும்: “யூடியூப் இருக்கு, பேஸ்புக் இருக்கு, சும்மா கிடைக்குது. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களின் விளையாட்டு.” மற்றது என்று அவர்கள் தள்ளிவிடுவது பியர்டியூப் போன்ற தளங்களை. அந்தப் பதிலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் நிற்காது என்பது என் கட்சி.

முதலில் பியர்டியூப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரான்சின் ஃப்ரமசாஃப்ட் என்ற இலாப நோக்கற்ற சங்கம் வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் அது. 2018இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அதே ஆண்டு ஒக்டோபரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். அதை யாரும் தன் சேர்வரில் நிறுவலாம். அப்படி நிறுவப்பட்ட தளங்கள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமானவை, ஆனால் ஒன்றோடொன்று பேசும்: ஒரு தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு தளத்தின் சேனலைப் பின்தொடரலாம், அங்கே கருத்தும் எழுதலாம். மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போவதைப் போலவே. இதோடு, ஒரே வீடியோவை ஒரே வேளையில் பார்ப்பவர்கள் தங்களுக்கு வந்து சேர்ந்த துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதால் சேர்வரின் பாரம் குறைகிறது.

இனி “சும்மா கிடைக்குது” என்ற பேச்சுக்கு வருவோம்.

பேஸ்புக் நேரலையைப் பாருங்கள். 2025 பெப்ரவரி 19 முதல் அங்கே செய்யும் புதிய நேரலைகள் 30 நாள்தான் இருக்கும், அதன்பின் தானாக நீக்கப்படும். பழைய நேரலைகளையும் அறிவித்தல் கொடுத்து, இறக்கிக்கொள்ள அவகாசம் தந்து, நீக்குவதாக அறிவித்தார்கள். ஆகஸ்ட் திருவிழாப் பூசையை பேஸ்புக்கில் மட்டும் நேரலை செய்த ஒரு பங்கு, இறக்கி வைக்க மறந்தால், நத்தாருக்கு முன்பே அது போய்விடும். இதில் எவர் மீதும் வழக்குப் போட முடியாது. இடம் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. பத்து வருடம் கழித்து, பாட்டி முன்வரிசையில் முழந்தாளிட்டு நின்ற அந்தப் பூசையைப் பேரப்பிள்ளை தேடினால் கிடைக்காது. திருமண ஆல்பத்தைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கும் நாம், ஊரின் நினைவை 30 நாள் தவணையில் வைத்திருக்கிறோம்.

யூடியூப் அப்படி அழிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் 2021 ஜூன் முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள அதன் விதிப்படி, சேனல்காரர் கேட்காவிட்டாலும் அவர் வீடியோவில் விளம்பரம் போட யூடியூபுக்கு உரிமை உண்டு. அந்த வருமானத்தில் அவருக்குப் பங்கு இல்லை. நற்கருணை ஆராதனைக்கு முன்னால் எந்த விளம்பரம் வரும் என்பது பங்குத்தந்தையின் கையில் இல்லை. விளம்பரமே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ப்ளெண்டர் சாட்சி. முப்பரிமாண அசைபடம் செய்யும் இலவச மென்பொருள் அது. அதன் சேனலில் விளம்பரம் கிடையாது. 2018 ஜூனில் அந்தச் சேனலின் வீடியோக்கள் உலகம் முழுவதும் திடீரென முடங்கின. விளம்பர வருமானத்துக்கான புதிய ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்பதே காரணம். சில நாட்களில் விவகாரம் தீர்ந்தது. ஆனால் அதற்குள் ப்ளெண்டர் தன் சொந்த பியர்டியூப் தளத்தை எழுப்பிவிட்டது. யூடியூபையும் அது கைவிடவில்லை. இரண்டு இடத்திலும் வீடியோ வைத்தது. நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

“யூடியூப் எங்கே போகப் போகிறது, எப்போதும் இருக்கும்” என்பார்கள். நம் நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நல்ல மறதி வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலன்று, பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் அரசால் முடக்கப்பட்டன. ஏப்ரல் 30 வரை நீடித்தது. இடையில் வந்த ஞாயிறன்று பாதுகாப்புக் கருதிக் கோவில்களில் பூசை நடக்கவில்லை. பேராயர் ஒப்புக்கொடுத்த திருப்பலியைக் கத்தோலிக்கர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டார்கள். மக்கள் கோவிலுக்குப் போக முடியாத அந்த வாரத்தில் யூடியூபும் இல்லை. அடுத்த மாதமே, தலவில உள்ள அதே மாவட்டத்துச் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவிலிருந்து கலவரம் கிளம்ப, மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3, போராட்டக் காலத்தில், மீண்டும் ஒரு தடவை. அது பதினைந்து மணித்தியாலம் அளவில் முடிந்தது. அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே, தான் விபிஎன் பயன்படுத்துவதாகவும் இந்தத் தடை பயனற்றது என்றும் ட்விட்டரில் எழுதினார். ஆளும் குடும்பத்துக்கே சலித்த தடை!

இங்கே ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். பியர்டியூப் தளத்தையும் அரசு முடக்கலாம். அதன் முகவரியை மறிக்கச் சொன்னால் போதும். இணையத்தையே முழுதாக நிறுத்தினால் எதுவும் வேலை செய்யாது. நான் சொல்வது இவ்வளவுதான்: நாலைந்து பெரிய பெயர்களை மறித்தால் நாடே இருட்டாகும் நிலை, வீடியோக்கள் நூறு இடத்தில் இருந்தால் வராது.

அடுத்த வாதம் தமிழ் வாசகருக்கு மிகப் பழக்கமானது. பார்ப்பவர்கள் துண்டுகளைப் பகிரும் முறை டொரண்டைப் போன்றது; டொரண்ட் என்றாலே திருட்டுப் படம், தமிழ்ராக்கர்ஸ் என்பார்கள். பிராம் கோஹன் 2001இல் பிட்டொரண்டை வெளியிட்டது பெரிய கோப்புகளைப் பலர் சேர்ந்து பகிர ஒரு வழியாகத்தான். லினக்ஸ் வெளியீடுகளும் இணைய ஆவணக் காப்பகமும் இன்றும் அதைச் சட்டபூர்வமாகப் பயன்படுத்துகின்றன. திருடனும் பாலாவி சந்தியால்தான் போகிறான் என்பதற்காகக் கற்பிட்டி வீதியை மூடுவதில்லை. இதன் தம்பியான இன்னொரு சந்தேகம், “இது கிரிப்டோ காசு வேலை” என்பது. டிடியூப், எல்பிஆர்வை போன்ற தளங்கள் நாணய வில்லையோடு வந்தது உண்மை. எல்பிஆர்வை நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 2022இல் வழக்கில் தோற்று, மறு ஆண்டு கடையைக் கட்டியது. பியர்டியூபில் நாணயமும் இல்லை, வில்லையும் இல்லை. காசு சம்பாதிக்கலாம் என்று யாராவது உங்களை இதற்கு அழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

“சிறிய சேர்வர் திருவிழாக் கூட்டத்தைத் தாங்காது.” இது சரியான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 720 வரித் தரத்தில் நேரலை செய்ய விநாடிக்கு ஏறத்தாழ 2.5 மெகாபிட் வேண்டும். 300 பேர் ஒரே வேளையில் பார்த்தால் 750 மெகாபிட். மலிவான வாடகைச் சேர்வருக்கு அது மூச்சு முட்டும் அளவு. பார்வையாளர்கள் தங்களுக்குள் பகிர்வது உதவிக்கு வருவது இங்கேதான். கரைவலையில் கை கூடக் கூட இழுவை இலேசாவதைப் போல, நேரலையில் ஆள் கூடக் கூடத் துண்டுகள் கைமாறும் வழிகளும் கூடும். எல்லோரும் ஒரே நிமிடத்தில் ஒரே காட்சியைப் பார்க்கும் திருவிழாப் பூசை இதற்கு மிகவும் தோதான நிகழ்ச்சி. 2023இல் ஃப்ரமசாஃப்ட் 1000 பார்வையாளரை ஒரே நேரத்தில் விட்டுச் சோதித்தது. ஒரு சாதாரண சேர்வர் தாங்கியது. பாரத்தில் பெரும்பகுதியைப் பார்வையாளர்களே சுமந்தார்கள்.

“அப்போ என் டேட்டாவை உறிஞ்சுமே?” ரீலோட் போட்டுப் பார்க்கும் ஊரில் நியாயமான பயம். மொபைல் டேட்டாவில் இருப்பதாக உலாவி தெரிவித்தால் பியர்டியூப் பெறுவதோடு நிறுத்திக்கொள்ளும், பிறருக்கு அனுப்பாது. வைஃபையில் இருப்பவரும் விரும்பினால் பகிர்வதை நிறுத்திவைக்கலாம். ஒரு குறையையும் மறைக்கக் கூடாது: பகிரும்போது ஒருவரின் இணைய முகவரி மற்றப் பார்வையாளரின் கணினிக்குத் தெரியவரும். பூசைக்குப் பரவாயில்லை. போராட்ட வீடியோவுக்கு யோசிக்க வேண்டும்.

“யாரும் பார்க்க மாட்டார்கள்” என்பதே எதிர்க்கட்சியின் பலமான ஆயுதம். யூடியூபில் தேடி வரும் கூட்டம் பியர்டியூபில் இல்லை. செபியா சர்ச் என்று ஒரு தேடுபொறி இருந்தாலும் அது கூகுளுக்கு ஈடாகாது. புதிதாகப் பாட வந்தவருக்கும் சமையல் சேனல்காரருக்கும் நான் யூடியூபைத்தான் சொல்வேன். ஆனால் தலவிலப் பூசையை மிலானில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? தங்கச்சி வட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்புகிறாள், அவர் தட்டுகிறார். யூடியூபின் சிபாரிசு அங்கே செய்யும் ஒரே வேலை, பூசை முடிந்ததும் சம்பந்தமில்லாத இன்னொரு வீடியோவை ஓடவிடுவதுதான். பார்வையாளர் யாரென்று முன்கூட்டியே தெரிந்த எந்த நிகழ்ச்சிக்கும், பாடசாலைப் பரிசளிப்பானாலும் மரண வீடானாலும், இது பொருந்தும்.

வெறுப்புப் பேச்சைக் கண்காணிக்க ஆள் இருக்காது என்ற கவலையும் உண்டு. பெரிய கம்பெனியில் ஆள் இருந்ததா? 2018 திகனக் கலவரத்தில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. பியர்டியூபில் தளத்தை நடத்துபவரே பொறுப்பு: கெட்ட தளங்களோடு தொடர்பை அறுக்கலாம், கருத்துகளை மூடலாம். அதே பொறுப்பு சட்டத்தின் முன்னும் அவர் தலையில்தான் விழும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாடு இது. ஆகவே தெரியாத ஆட்களுக்குக் கணக்குத் திறக்கும் வசதியை மூடி வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக, “கம்ப்யூட்டர் படித்தவர்களின் விளையாட்டு.” தொடங்குவதற்குச் சேர்வரே தேவையில்லை. ஏற்கனவே உள்ள ஒரு தளத்தில் கணக்குத் திறந்தால் போதும். திறக்குமுன் மூன்றைப் பாருங்கள்: யார் நடத்துகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள், தளம் எத்தனை வருடமாக நிற்கிறது. பிறகு யூடியூபில் ஏற்றுவதைப் போலவே ஏற்றலாம். யூடியூபில் இருக்கும் உங்கள் பழைய வீடியோவின் முகவரியைக் கொடுத்தால் அதுவே இழுத்துக்கொள்ள, தளக்காரர் அனுமதித்திருந்தால், வழியுண்டு. நேரலைக்கு ஓபிஎஸ் மென்பொருளில் யூடியூபின் முகவரியும் சாவியும் போடும் இடத்தில் இதன் முகவரியையும் சாவியையும் போட வேண்டும், வித்தியாசம் அவ்வளவே.

சொந்தத் தளம் வேண்டுமானால்தான் ஆள் வேண்டும். வீட்டு ரவுட்டரில் நடத்த நினைக்க வேண்டாம். 4ஜி இணைப்புகளில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து யாரும் உங்கள் பெட்டியைத் தொட முடியாது. உப்புக்காற்றும் மின்வெட்டும் வேறு. மாதம் பத்து டொலருக்கு உட்பட்ட வாடகைச் சேர்வர், ஒரு முகவரிப் பெயர், லினக்ஸ் தெரிந்த ஒரு இளைஞர், இவை போதும். யூனோஹோஸ்ட் போன்ற பொதியால் நிறுவும் வேலையும் சுருங்கும். இடத்துக்கும் கணக்குப் பார்க்கலாம்: மேலே சொன்ன தரத்தில் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 1.1 ஜிகாபைட். நவநாளும் திருவிழாவுமாக 22 மணித்தியாலம் என்றால் சுமார் 25. வெவ்வேறு தரப் பிரதிகளோடு இரட்டிப்பாக்கினாலும் 50. ஆண்டில் இரு விழாவுக்கும் 100 ஜிகாபைட்.

ஆட்டம் காண்பது அந்த இளைஞர் விஷயத்தில்தான். அவர் கட்டாருக்குப் போய்விட்டால் தளம் அநாதை. அதனால் ஒரு பங்கு தனியாக இதைச் செய்யக் கூடாது. மறைமாவட்டம், அல்லது பல பங்குகள், பாடசாலைகள் சேர்ந்து ஒரு தளத்தை வைத்து, சாவியை இருவரிடமாவது கொடுக்க வேண்டும். ஒரு தளத்தின் வீடியோக்களை இன்னொரு தளம் பிரதியெடுத்துப் பரிமாறும் வசதியும் பியர்டியூபில் உண்டு. இத்தாலியில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றை நடத்தினால் இங்கே சேர்வர் திணறும்போது அது கைகொடுக்கும். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் தன் இணையத்தளத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம், இப்படிப்பட்ட பொறுப்பைக் கூட்டாகச் சுமக்க நமக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

மூலப்பிரதி நம் தளத்தில், பலர் கண்டுகொள்ள ஒரு பிரதி யூடியூபில்: இதுவே என் சிபாரிசு. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பங்கின், கழகத்தின், பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் 30 நாள் கடக்காத நேரலை ஏதாவது இருந்தால், இன்றிரவே அதை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சேர்வரைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.