அப்பாக்களே, வேகத்தை ஏத்தாதீங்க!

நீங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவரா? அப்படியானால் பேரிங் வண்டி ஓட்டியிருப்பீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பால்பேரிங், ஒரு பலகை, நாலு ஆணி... தெருவே அலறும்!

இன்று நம் பிள்ளைக்கு பேட்டரி கார். 1950-களிலேயே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் லேலண்ட் லாரியும் செய்த திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரம் இது. ஸ்பானர் பிடித்த அப்பா சும்மா இருப்பாரா? 6 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் மாட்டுகிறார். கார் பறக்கிறது, பிள்ளை கைதட்டுகிறது.

கொஞ்சம் யோசியுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், மோதும்போது அடியின் சக்தி நாலு மடங்கு! 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால், சோதித்தது கம்பெனி கொடுத்த வண்டியை. நீங்கள் மாற்றியதை அல்ல. மெல்லிய ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

பழைய லெட்-ஆசிட் பேட்டரியை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். அதில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கைவேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து திருகாணி முடுக்குவது எந்த டானிக்கும் தராத தெம்பு. ஈயம் கலக்காத பெயின்ட் அடியுங்க, சீட் பெல்ட் வையுங்க, ஃபியூஸ் போடுங்க. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளேயே ஓட்டட்டும். கன்டெய்னர் லாரி டிரைவருக்கு இந்தக் குட்டி கார் கண்ணிலேயே படாது.

வேகமாப் போகணும்னு அவசரப்படறது பிள்ளையா... நாமா?