படத்தில் இருப்பவர் யார்?

வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ தொங்குகிறது. பார்த்தவுடன், "இது யார்?" என்று கேட்கிறோம். அதே போட்டோ கண்காட்சியில் தொங்கினால், "இதை எடுத்தது யார்?" என்று கேட்கிறோம்!

கேள்வி மாறிவிடுகிறது. படத்துக்கு நின்றவரை மறந்துவிடுகிறோம். இது நியாயமா?

ஓர் அம்மையாரின் கதையைச் சொல்கிறோம். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

48 வயதில் வந்த காமிரா

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரச் சீமாட்டி. கணவருக்குக் கல்கத்தாவில் பெரிய பதவி. பிறகு குடும்பம் இங்கிலாந்து போய், வைட் தீவில் குடியேறியது.

1863-ம் வருஷக் கடைசியில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்போது அவருக்கு வயது 48.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக் கூண்டைக் காலி செய்து, கண்ணாடி போட்டு, படம் எடுக்கும் கூடம் ஆக்கினார்!

1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியை எடுத்த படம் நன்றாக வந்தது. அதுதான் முதல் வெற்றி. அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழந்தைக்குக் கொடுக்க ஏதாவது பரிசு கிடைக்காதா என்று வீடு முழுவதும் தேடினார். படத்தை உண்டாக்கியதே அந்தக் குழந்தைதான் என்று அவருக்குத் தோன்றியதாம்!

எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள்!

வேலைக்காரப் பெண் மாதா ஆனாள்

அந்தக் காலத்தில் படத்துக்கு நிற்பது லேசான காரியம் அல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன்னே படம் எடுக்க வேண்டும். சில நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கண் அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

அப்படிப் பொறுமையாக நின்றவள் மேரி ஹில்லியர். அம்மையார் வீட்டு வேலைக்காரப் பெண். அம்மையார் அவளைக் குழந்தை ஏந்திய மாதாவாக நிற்க வைத்தார். ஒரு முறை அல்ல, பல முறை! ஊரார் அவளை "மடோனா மேரி" என்றே கூப்பிடத் தொடங்கினார்கள்.

கவிஞர் டென்னிசனும் விஞ்ஞானி டார்வினும் இருந்த அதே காமிராவின் முன்னால்தான் அவளும் இருந்தாள். இன்றும் அந்த முகத்தை உலகம் பார்க்கிறது.

கும்பகோணத்தில் பிறந்த மாப்பிள்ளை

இன்னொரு பெண் மேரி ரயான். தாயுடன் தெருவில் பிச்சை எடுத்த சிறுமி. அம்மையார் இருவரையும் ஆதரித்தார். சிறுமியைப் படிக்க வைத்தார். வளர்ந்ததும் அவளும் வீட்டு வேலை செய்தாள், படத்துக்கும் நின்றாள்.

லண்டனில் நடந்த கண்காட்சியில் அவள் படத்தை ஒரு வாலிபர் கண்டார். அவர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் 1845-ல் பிறந்தவர்! 1867-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அவர்களை ரோமியோ - ஜூலியட்டாக நிற்க வைத்து அம்மையார் படம் எடுத்தார்.

காட்டன் இந்தியாவில் பெரிய அதிகாரியாகி, சர் பட்டம் பெற்றார். 1904-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பிச்சை எடுத்த சிறுமி, சீமாட்டி காட்டன் ஆனாள்!

மறு பக்கம்

கதை இத்துடன் முடிந்தால் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். "வந்து நில்" என்று எஜமானி சொல்லும்போது, "முடியாது" என்று வேலைக்காரப் பெண் சொல்ல முடியுமா? சம்பளம் கொடுக்கும் கையும் காமிரா பிடிக்கும் கையும் ஒன்றல்லவா?

1875-ல் அம்மையார் கணவருடன் இலங்கைக்குப் போனார். அங்கே அவர்களுக்குக் காபித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் அவர் படம் எடுத்தார். சுற்றிலும் வாழ்ந்த ஏழை மக்கள் அவர் காமிராவின் முன் நின்றார்கள். 1879-ல் அவர் காலமானார். பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது.

வைட் தீவில் நின்ற மேரிக்குப் பெயர் உண்டு. இலங்கையில் நின்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை! "விவசாயிகள்", "ஒரு பெண்" என்பதோடு சரி.

அக்காலத்தில் இலங்கைக் காபித் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அந்தப் படங்களில் நம்மில் யாருடைய பாட்டியாவது இருக்கலாம். ஆனால் இவர்தான் என்று காட்டுவதற்கு ஒரு பெயர் இல்லை. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதுமே!

நம் கடமை

படம் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் கண்ணைக் கொடுக்கிறார். மற்றவர் முகத்தைக் கொடுக்கிறார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் படம் இல்லை.

இன்று செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் போட்டோக்காரர்களே. வயலில் நாற்று நடும் அம்மாவைப் படம் எடுக்கிறோம். பூக்காரப் பாட்டியை எடுக்கிறோம். நாலு பேர் பாராட்டினால் மகிழ்கிறோம். அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டோமா?

இனி எடுப்பதற்கு முன்னால், "எடுக்கட்டுமா, அம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பிரதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அது அவர் வீட்டுச் சுவரிலும் தொங்கட்டும்.

ஆனி என்ற சிறுமிக்குப் பரிசு தேடி ஓடினாரே, அந்த அம்மையாரிடம் கற்க வேண்டியது அது. இலங்கையில் பெயர் எழுதாமல் விட்டாரே, நாம் செய்யக் கூடாதது அது!