எது பேரம்?

'உனக்குப் பேரம் பேசத் தெரியல' என்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாருடைய சம்பளக் கணக்கும் இருக்கிறது. இந்தப் பக்கம் நம்ம ஒருத்தர் சம்பளச் சீட்டு. இதுக்குப் பேர் பேரமா?

ஆறு வருஷமா கோடு எழுதுகிறேன். சம்பளம் கூட்டிக் கேட்டால், 'மார்க்கெட் சரியில்லப்பா' என்றார் மேனேஜர். 'போன மாசம் சேர்ந்த பையனுக்கு என்னைவிட அதிகம் குடுத்தது எந்த மார்க்கெட் சார்?' மனுஷர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தால் மட்டும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'.

சம்பளத்தை வெளியே சொல்லாதே என்று ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள்? ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லியாகிவிட்டது. நாம்தான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று கேன்டீனில் பக்கத்து சீட்டுத் தோழியிடம் என் சம்பளத்தைச் சொன்னேன். அவளுக்கு அதைவிடக் குறைச்சல். திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போகிறோம்.