வினைக்கொள்கை விதிவாதமாமோ?

திருமானூரை அடுத்த ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் (1680–1747) திருக்காவலூர் எனப் பாடிச் சமயப்பணி செய்த ஊர். அவர்க்குப் பின்வந்த மேனாட்டுப் பாதிரிமார் பலர், சைவர்தம் வினைக்கொள்கை மக்களின் தெரிவுரிமையை மறுக்கும் விதிவாதமென இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி பொருந்தாது, என்னை? மெசியா வந்துவிட்டார் என்னும் கிறித்துவர்க்கும், இனி வருவார் என்னும் யூதர்க்கும் பொதுவாகிய மறையே அதற்கு விடை தருதலின்.

மோசே இசரவேலர்முன் வாழ்வையும் சாவையும் வைத்து, வாழ்வையே தெரிந்துகொள்ளுமாறு பணித்தார். தாவீதரசனோ உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போரிற் கொல்வித்தான், நாத்தான் இடித்துரைப்பக் குற்றத்தை ஒப்பினான், மன்னிப்பும் பெற்றான். ஆயினும் வினைப்பயன் விட்டதோ? மகன் அப்சலோம் தந்தைமேற் படையெடுத்து மாய்ந்தான். தெரிந்து செய்தமையாலன்றோ பயன் தொடர்ந்தது! இதனை விதிவாதம் என்பார் உளரோ?

சைவ சித்தாந்தமும் இங்ஙனமே கூறும். குருவருளாற் சஞ்சிதம் அழியினும் பிராரத்தம் நுகர்ந்தே கழியும்; ஆகாமியம் இன்று நாம் ஈட்டுவது. ஊழ் முன்னைத் தெரிவின் பயனேயன்றி, இன்றைத் தெரிவைப் பூட்டும் தளையன்று.

இவ்வாறாகவும், தீமை செய்துவிட்டு, ‘எல்லாம் தலைவிதி’ என்று கைகழுவும் சைவர், பிறர் இகழ்ச்சியைத் தாமே மெய்யாக்குகின்றனர். வாதத்தால் வென்றதை ஒழுக்கத்தால் தோற்பது தகுமோ? சைவ நன்மக்கள் சிந்திப்பாராக.